கண்டிக்கு வந்த கமராக்கள்

கண்டிப் புகையிரத நிலையத்தில் நாம் இறங்கியபோது வானம் துடைத்து வைத்தாற்போல் தெளிவாயிருந்தது. சாமான்களை விடுதியில் வைத்துவிட்டு ஏரிக்கரைக்கு வந்து சேர்வதற்குள் ஹந்தானை மலையிலிருந்து மேகமொன்று இறங்கி, தலதா மாளிகையின் கூரையை மறைத்துவிட்டது. கால் மணி நேரத்தில் மீண்டும் வெயில். கண்டியின் வெளிச்சம் கடன்காரன் சொல்லும் தவணையைப் போன்றது. அதை நம்பி ஒரு காரியத்திலும் இறங்க முடியாது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்முடன் வந்திருந்த மருமகன் ஒளிப்பதிவுக் கலை பயிலும் மாணவன். புதிதாக வாங்கிய கமராவைக் கைக்குழந்தை போல் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் திரைக்கருவிகளுக்கென்று பெருங்கண்காட்சி ஒன்று கூடுகிறதல்லவா? வழி முழுவதும் அதைப் பற்றியே பேச்சு.

"அங்கே போனால் உலகத்துக் கமராக்களையெல்லாம் ஒரே கூரையின் கீழ்ப் பார்த்துவிடலாம், மாமா. நம் நாட்டில் அப்படி ஒன்றும் இல்லையே!" என்று பெருமூச்சு விட்டான்.

"கூரைதான் இல்லை. அந்தந்தக் காலத்தின் புதுக் கருவிகள் எல்லாம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மலைக்கு வந்து போய்க்கொண்டுதான் இருக்கின்றன. நாலு நாள் என்னுடன் நடந்து பார்" என்றோம். அந்த நாலு நாள் நடையைத்தான் இங்கே வாசகர்களுக்குச் சொல்லப் புகுகிறோம்.

1860களில் கண்டியில் புகைப்படத் தொழில் நடத்திய ஜோசப் லோட்டன் என்னும் ஆங்கிலேயரிலிருந்து தொடங்கலாம். கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867ஆம் ஆண்டில். லோட்டனின் மரப்பெட்டிக் கமராவும் ஏறக்குறைய அக்காலத்தில் வந்ததுதான். அன்று வழங்கியது ஈரத்தட்டு முறை. கண்ணாடித் தகட்டின் மேல் கொலோடியன் என்னும் பசைத் திரவத்தை ஊற்றிச் சீராகப் பரப்ப வேண்டும். அதனை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்க்க வேண்டும். ஈரம் உலர்வதற்கு முன்னே கமராவில் வைத்துப் படம் பிடித்து, ஈரம் உலர்வதற்கு முன்னே இருட்டில் வைத்துக் கழுவியும் விட வேண்டும். எல்லாவற்றுக்குமாகக் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடங்களே. ஆகவே புகைப்படக்காரர் போகுமிடமெல்லாம் இருட்டறையும் ஒரு கூடாரமாகக் கூடவே போயிற்று. கண்ணாடித் தகடுகள், மருந்துப் போத்தல்கள், கழுவுவதற்குத் தண்ணீர், முக்காலி, கூடாரம் என்று சுமையே ஒரு வண்டிக்குக் காணும். இத்தனையையும் கொண்டு சென்று 1870, 1871ஆம் ஆண்டுகளில் அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களின் இடிபாடுகளை அரசாங்கத்துக்காகப் படம் பிடித்தார் லோட்டன். 1872இல் அவர் காலமானார். காடு மூடியிருந்த அக்காலத்து நிலையை இன்றும் நாம் காண முடிவது அந்தத் தகடுகளின் புண்ணியத்தால்தான்.

அவருக்குப் பின்னர் சார்ல்ஸ் ஸ்கோவன் என்பவர் 1870களில் கண்டியில் தமது நிலையத்தைத் திறந்தார். காப்பியும் தேயிலையும் இவர்களுடைய கமராக்களின் முன் நின்றன. கூடை சுமந்த நம் பெண்களும் நின்றனர். அக்காலத்துத் தோட்டப் படங்களைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். படத்தின் அடியில் தோட்டத்தின் பெயர் இருக்கும். மலையின் பெயர் இருக்கும். நிற்கும் பெண்ணின் பெயர் பெரும்பாலும் இராது. தமிழ்ப் பெண், கொழுந்து பறிப்பவள் என்பதோடு சரி.

1934இல் வெளிவந்த 'இலங்கையின் கீதம்' என்னும் படத்திலும் இதே குறையை வேறொரு விதத்தில் காணலாம். தேயிலைப் பிரசாரச் சபையின் பொருளுதவியுடன், பசில் ரைட் என்னும் இளைஞர் கமராவுடன் வந்து எடுத்தது அது. கண்டிய நடனமும் மேளமும் அதில் உயிர் பெற்று நிற்கின்றன. படம் பிடித்தது இங்கே. ஒலி சேர்த்தது லண்டனில். பின்னணி உரையாக ஒலிப்பது, கண்டி அரசில் பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் பகுதிகள். அதைப் படித்தவர் நம் நாட்டின் பெரும் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட். வணிகத்தின் குரல்கள் என்று ஒரு பகுதி அப்படத்தில் உண்டு. திரையில் தொழிலாளர் வேலை செய்கிறார்கள். காதில் விழுவதோ சந்தை விலை கூறும் குரல்கள்! உபயகாரர் தேயிலை வியாபாரிகளாயிருந்தும் இதைச் செய்யத் துணிந்த அந்த இளைஞரை மெச்சத்தான் வேண்டும். எனினும் கொழுந்து பறித்தவர்கள் அங்கேயும் வாய் திறக்கவில்லை.

மாளிகையை நாம் வணங்கிய வேளை மாலைப் பூசை நடந்துகொண்டிருந்தது. மேள ஒலியில் நெஞ்சே அதிர்ந்தது. மருமகன் கமராவை எடுத்தான். மாணவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது: புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வது இந்நாட்டில் பெரும் அவமரியாதை. எசல பெரஹராவின்போது கொப்பரைத் தீப்பந்தங்களின் ஒளியில் யானைகள் வரும் காட்சியைப் பழைய பிலிமில் பதிப்பது மெத்தக் கடினம். பக்க விளக்கு இல்லாவிட்டால் யானை கரிக்கட்டை ஆகிவிடும். இன்றைய கமராவோ தீப்பந்தத்தின் ஒளி ஒன்றையே கொண்டு யானையின் தோற்சுருக்கத்தையும் எண்ணிக் காட்டுகிறது. இதில் மருமகன் பெருமைப்பட நியாயம் உண்டு.

மறுநாள் ஹந்தானைக்கு ஏறினோம். நகரிலிருந்து சில மைல் தூரந்தான். பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று இப்போது தேயிலை நூதனசாலையாக இருக்கிறது. 1983ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 18ஆம் திகதி, ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் என்னும் அமெரிக்க இயக்குநர் தமது இரண்டாவது இந்தியானா ஜோன்ஸ் படத்தின் வேலையைக் கண்டியில் தொடங்கினார். கதை நடப்பது 1935இல், இந்தியாவில். கதையைப் படித்துப் பார்த்த இந்திய அரசாங்கம் தடை சொல்லவே, படக்குழு இங்கே வந்தது. பஞ்சத்தில் வாடும் இந்தியக் கிராமமாக ஹந்தானைச் சரிவு வேடம் புனைந்தது. கிராமத்துப் பூசாரியாக நடித்தவர் நம் நாட்டின் டி. ஆர். நாணயக்கார. வேடிக்கை என்னவென்றால், அந்த இந்தியக் கிராமத்தார் திரையில் பேசுவது சிங்களம்!

தோட்டத்துப் பாதையில் முன்னாளில் கொழுந்து பறித்த பாட்டியொருவர் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் விசாரித்தோம்.

"பட்டப்பகல்ல வெளக்குப் போட்டாங்க, ஐயா! சூரியன் மேல நிக்கிது, கீழ பெரிய பெரிய வெளக்கு எரியுது. வெள்ளைக்காரனுக்குக் கண்ணு தெரியாதோன்னு சிரிச்சோம்" என்றார்.

மருமகன் அவர் அருகில் அமர்ந்து காரணத்தை விளக்கினான். நண்பகல் வெயிலில் தொப்பிக்குக் கீழே நடிகரின் கண்கள் நிழலில் மறைந்துபோகும். மனிதக் கண் அதைச் சரிப்படுத்திக்கொள்ளும், பிலிம் சரிப்படுத்தாது. மேகம் வந்து போனாலோ, ஒரே காட்சியின் முதற்பாதி வெயிலாகவும் மறுபாதி இருட்டாகவும் ஆகிவிடும். அதற்குத்தான் பகலில் விளக்கு. பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுவும் சரிதான். இந்த மலைய நம்பி நாங்களே துணி காயப்போட மாட்டோம்" என்றார்.

மூன்றாம் நாள் தெல்தெனியப் பக்கம் சென்று விக்டோரியா அணைக்கட்டைக் கண்டோம். மகாவலிக்குக் குறுக்கே 122 மீற்றர் உயரத்தில் வளைந்து நிற்கிறது. பழைய தெல்தெனிய நகரம் நீர்த்தேக்கத்தினுள் மூழ்கிவிட்டது. அணை கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான், அதன் அருகே பள்ளத்தாக்கின் மேல் அப்படத்தின் கயிற்றுப் பாலம் தொங்கியது. கட்டிக் கொடுத்தவர்கள் அணை கட்டிய பொறியியலாளர்களே. பார்வைக்குக் கயிறு, உள்ளே எஃகு வடம். வடத்தில் வெடி வைத்து, பாலத்தை ஒரே தடவைதான் அறுக்கலாம். தவறினால் மறு பாலம் கிடையாது. எனவே பல கமராக்களைப் பல கோணங்களில் நிறுத்தினார்கள். விழுந்தவை கைகால் உதைக்கும் இயந்திரப் பொம்மைகள். ஆற்று முதலைகள் புளோரிடாவில், பாறைச் சுவரின் ஒரு பகுதி இங்கிலாந்தில் என்று உலகமெல்லாம் சேர்ந்து அந்த ஒரு காட்சி முடிந்தது. இன்று அங்கே கயிற்றின் நூலும் இல்லை.

கித்துல்கலைக்கு நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக நாலாம் நாட்காலை போய்வந்தோம். டேவிட் லீனின் 'குவாய் நதிப் பாலம்' எடுக்கப்பட்ட இடம். 1957 மார்ச் 10ஆம் திகதி, பிரதமர் பண்டாரநாயக்காவின் முன்னிலையில் பாலத்தைத் தகர்க்க ஏற்பாடாயிற்று. ஒவ்வொரு கமராக்காரரும் பாதுகாப்பான இடத்தை அடைந்ததும் சைகை தர வேண்டும். ஒருவருடைய சைகை வரவில்லை. லீன் வெடியை நிறுத்திவிட்டார். ஆனால் புகையிரதம் நிற்கவில்லை. பாலத்தைக் கடந்து மின்பிறப்பாக்கியில் மோதி நின்றது. அதைச் செப்பனிட்டு மறுநாள் காலையில்தான் பாலத்தைத் தகர்த்தார்கள். ஒரு மனிதனின் உயிருக்காக அத்தனை பெரிய காட்சியை நிறுத்தியது நமக்கு மிகவும் பிடித்தது. களனி கங்கையின் கரையில் இப்போது எஞ்சியிருப்பது அத்திவாரக் கட்டைகளே.

அன்று மாலை கண்டிக்குத் திரும்பி, நகரின் கடைத்தெரு ஒன்றில் மழைக்கு ஒதுங்கினோம். ஒதுங்கிய இடம் பழைய புகைப்பட நிலையம். உள்ளே எண்பது வயது மதிக்கத்தக்க தமிழ்ப் பெரியவர். மூலையில் கறுப்புத் துணி போர்த்திய மரக் கமரா. மருமகன் தன் புதுக் கமராவையும் மறந்து அதன் அருகே போய் நின்றுவிட்டான்.

"அது எத்தனை பேரை அக்கரைக்கு அனுப்பியிருக்கிறது, தம்பி!" என்றார் பெரியவர்.

1964 ஒக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. குடியுரிமை பறிபோயிருந்த மலையகத் தமிழர் 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா ஏற்கும். 300,000 பேர் இங்கே குடிகளாவர். மிகுதிப் பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பது என்று ஏற்பாடு. போவோருக்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குப் புகைப்படம் வேண்டும். இந்திய உதவி உயர்ஸ்தானிகர் காரியாலயம் கண்டியில் இருந்தபடியால், தோட்டங்களிலிருந்து காலை பஸ்ஸில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள்.

"பலருக்கு அதுதான் பிறந்ததிலிருந்து முதல் படம். கமராவைக் கண்டு கிழவிகள் கும்பிடுவார்கள். கையைக் கீழே விடுங்கள் ஆத்தா என்று கெஞ்ச வேண்டும். சேலையும் கோட்டும் நானே வைத்திருந்தேன், இரவல் கொடுக்க. மூடியைத் திறந்து, ஒன்று, இரண்டு எண்ணி மூடுவேன். அதற்குள் பிள்ளை அழுதுவிட்டால் தகடு பாழ்" என்றார் பெரியவர்.

ஒரே குடும்பத்தில் தாய் தந்தைக்கு இந்தியா, மணமாகிப் போன மகளுக்கு இலங்கை என்று தீர்ந்ததும் உண்டு. அப்படிப்பட்டவர்கள், காரியாலயத்துக்கென்று ஒன்று எடுத்தபின், எல்லோரும் சேர்ந்து இன்னொன்று எடுக்கச் சொல்வார்களாம். அதற்கு மட்டும் மலையும் அருவியும் தீட்டிய திரையைப் பின்னால் இறக்குவாராம். 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது வரையில் அந்த வேலை இருந்ததாம்.

"எண்பத்துமூன்று ஜூலையில் கடையின் முன்பக்கம் எரிந்துவிட்டது" என்று சொல்லிச் சிறிது நேரம் பேசாதிருந்தார். படப்பிடிப்புக் குழுவினர் கண்டியை விட்டுச் சென்று மூன்று மாதங்கூட ஆகவில்லை என்பது அப்போதுதான் நம் நினைவுக்கு வந்தது. "பின்னறை தப்பியது. தகடும் பிலிமும் அங்கேதான் இருந்தன."

அந்தப் பின்னறைக்கு நம்மை அழைத்துச் சென்றார். பிஸ்கற்றுத் தகரங்களில் நூற்றுக்கணக்கான உறைகள். பூஞ்சணம் பாதியைத் தின்றுவிட்டது. கூடலூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் இங்கே வருகிறவர்கள் சிலர், தங்கள் பாட்டன் பாட்டியின் படம் கிடைக்குமா என்று கேட்டு வருகிறார்களாம். சிலருக்குக் கிடைத்திருக்கிறது. பேரன் வந்து ஒளிப்பலகையின் மேல் வைத்துக் கைத்தொலைபேசியால் பிரதி எடுத்துக் கொடுப்பதாகச் சொன்னார். அவனுக்கும் வேலை, மாதத்தில் ஒரு நாள்தான் வருகிறான்.

மருமகன் ஒன்றும் பேசவில்லை. முக்காலியை விரித்து, சன்னலோரம் வெள்ளைக் காகிதத்தை ஒட்டி, அதன் மேல் முதல் தகட்டை நிறுத்தினான். தலைமயிர் வெள்ளையாகவும் முகம் கறுப்பாகவும் ஆறு பேர் தெரிந்தார்கள். கமராவின் திரையில் ஒரு பொத்தானை அழுத்தவும் கறுப்பு வெள்ளையாயிற்று. நடுவில் ஒரு கிழவி, இடுப்பில் பிள்ளையோடு ஓர் இளம்பெண், பின்னால் தீட்டிய அருவி. விடுதிக்குத் திரும்ப இரவு ஒன்பது மணியாயிற்று. அதற்குள் நாற்பத்திரண்டு தகடுகள் முடிந்தன. மீதிக்கு அடுத்த மாதம் வருவதாக அவன் பெரியவரிடம் சொல்லியிருக்கிறான்.

அந்த முதல் உறையை நாம் வாங்கிப் பார்த்தோம். பென்சிலில் தோட்டத்தின் பெயர், அதன் கீழ் 'ஆறு பேர், மூன்று பிரதி', அதன் கீழ் 'முற்பணம் ஐந்து ரூபாய், மீதி இரண்டு'. மூன்று பிரதிகளும் உறைக்குள்ளேயே இருந்தன.