பலகை ஆடாத பதினைந்து நொடி

பினாங்கு ஜார்ஜ்டவுனில் சாயங்காலப் படம் எடுக்க எனக்குப் பிடித்த இடம் வெல்ட் கீ சாலையோரத்துச் சூ படகுத்துறை. சீனாவின் ஃபூஜியானிலிருந்து வந்த சூ குலத்தார் கடலுக்குள் கால் நட்டுக் கட்டிய வீடுகள், நடுவே பலகைப் பாதை. ஜார்ஜ்டவுன் 2008-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து கேமராக்காரர்கள் குறைவதே இல்லை.

டிஎஸ்எல்ஆரில் பட்டனை அழுத்தியதும் உள்ளே இருக்கும் கண்ணாடி படக்கென்று மேலே போகும். பிறகே ஷட்டர் திறக்கும். அந்த அடியில் கேமரா ஒரு கணம் அதிரும். பொழுது சாய்ந்ததும் கால் நொடி, அரை நொடி என்று எடுக்கும்போதுதான் அது படத்தைக் கலங்கடிக்கும். ‘மிரர் லாக்-அப்’ போட்டால் முதல் அழுத்தலில் கண்ணாடி மட்டும் ஏறும். இரண்டு நொடி பொறுத்து ரிமோட்டை அழுத்துங்கள். மிரர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

நன்றாக இருட்டி, 30 நொடி திறந்து வைக்கும்போது அந்தக் கணநேர அதிர்வு தெரியாது. அப்போது வில்லன் பலகைதான். யாராவது மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பினால் முக்காலியும் சேர்ந்து ஆடும். அவரை என்ன சொல்வது? அது அவர் வீட்டு வாசல். தாங்கு தூணுக்கு நேர்மேலே, நடுத்தண்டை உயர்த்தாமல் முக்காலியை வைப்பேன். வாசல் விளக்கின் வெளிச்சம் புகாதபடி வியூஃபைண்டரை மூடிவிடுவேன்.

நடமாட்டம் ஓய்ந்து 15 நொடி கிடைத்தாலே போதும், பட்டர்வொர்த் விளக்குகள் தண்ணீரில் நீளமாக விழும். வெகுநேரம் நிற்காதீர்கள்; உள்ளே பிள்ளைகள் தூங்க வேண்டும்.