இரண்டு முறை பட்ட பந்து

துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் குப்பை கொட்டுகிறவன் கோல்ஃப் ஆடுகிறான் என்றால் தூத்துக்குடியில் முதலில் சிரிப்பார்கள். சங்கு குளித்த என் அப்பாவும் சிரித்தார். ஆடுவதென்னவோ கொடைக்கானலில்தான், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அண்ணாச்சியின் காரில். அவர் உப்பு வியாபாரி. என்னை இந்தக் கிறுக்குக்குள் இழுத்துவிட்டவரும் அவரே.

2019 ஜனவரியில் கோல்ஃப் விதிகளை மொத்தமாக மாற்றி எழுதினார்கள். 34 விதிகள் 24 ஆயின. பந்தைக் கையால் எடுத்துப் போட வேண்டி வந்தால் தோள் உயரத்திலிருந்து போட்டது போய், முட்டி உயரம் என்றாயிற்று. அண்ணாச்சி குனிந்து போடுவதைப் பார்த்தால் கீழே விழுந்த சில்லறையைத் தேடுகிறார் என்று தோன்றும். கொடிக்கம்பைப் பிடுங்காமலேயே பந்தைக் குழிக்குள் உருட்டலாம் என்றது நல்ல காரியம்.

தொலைந்த பந்தைத் தேட 5 நிமிடம் தந்திருந்தார்கள். அதை 3 ஆக்கியதில் அண்ணாச்சிக்குக் கோபம். "பந்து முந்நூறு ரூவா தம்பி, காட்டுமாடு மேயுற புல்லுல மூணு நிமிசத்துல எங்க தேட?" இதை அப்பாவிடம் சொன்னேன். "தரையில நின்னு, மூச்சு விட்டுக்கிட்டா மூணு நிமிசம்?" என்றார். அவருக்கு ஒரு முங்குக்கு ஒரு நிமிடம், சில நாள் கொஞ்சம் கூட. அதற்குள் மணலைத் தடவிச் சங்கோடு மேலே வர வேண்டும். அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் அண்ணாச்சிக்காக நான் வாதாடுவதில்லை.

பந்து கிடைக்காவிட்டால் பழைய இடத்துக்கே திரும்பி நடந்து, ஒரு அடி அபராதத்தோடு மறுபடி அடிக்க வேண்டும். 1744-இல் எடின்பரோ பக்கம் லீத் என்ற இடத்தில் எழுதிய முதல் 13 விதிகளிலேயே இது இருக்கிறது. 2019-இல் ஒரு சலுகை வந்தது. மைதானம் அனுமதித்தால் இரண்டு அடி அபராதம் ஏற்று, பந்து தொலைந்த இடத்துக்குப் பக்கத்திலிருந்தே ஆடலாம். எங்களைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்களுக்கு இது போதும். பின்னால் காத்திருப்பவர்கள் முறைக்காமல் இருப்பார்கள்.

எனக்கு உறுத்துவது இன்னொரு மாற்றம். ஒரே வீச்சில் மட்டை பந்தை இரண்டு முறை தொட்டுவிட்டால் முன்பு ஓர் அடி கூடுதலாகக் கணக்கிட வேண்டும். 1985 யு.எஸ். ஓப்பன் கடைசி நாளில் நான்கு அடி முன்னிலையிலிருந்த தைவான்காரர் டி.சி. சென்னுக்கு ஐந்தாம் குழியில் அப்படி ஆனது. அங்கே 8 அடி எடுத்தார். கடைசியில் ஓர் அடியில் கோப்பை போயிற்று. 2019 முதல் அந்த அபராதமே கிடையாது. தெரியாமல் பட்டால் ஓர் அடிதான்.

2016-இல் எனக்கும் அது நடந்தது. ஈரப் புல்லில் மெதுவாகத் தட்டினேன். பந்து எழும்பி மட்டையில் இன்னொரு தடவை 'டிக்' என்றது. அண்ணாச்சி அந்தப் பக்கம் தன் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார். கோல்ஃபில் எங்களுக்கு நடுவர் கிடையாது, அவனவன் தப்பை அவனவனே சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. ஓர் அடியில் ஜெயித்தேன். பந்தயப்படி அன்று சாப்பாட்டுக்கு அவர் காசு கொடுத்தார். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் "தம்பி என்னைய ஜெயிச்சிட்டான்" என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

விதி மாறியதும் நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மாறியது அடியின் கணக்கு. நான் மறைத்தது அப்படியே கிடந்தது.

போன தடவை மலை இறங்கும்போது, வத்தலக்குண்டு தாண்டி, சொல்லிவிட்டேன். அண்ணாச்சி ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

"எந்த வருசம்?"

"2016, அண்ணாச்சி."

"அப்ப பழைய விதி."

"ஆமா."

கொஞ்ச தூரம் போனதும் கேட்டார். "நீ ஒரு அடியிலதான ஜெயிச்ச?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்படின்னா ரெண்டு பேரும் சமம். சாப்பாட்டுக் காசுல பாதிய எடு."

ரசீது இல்லை. தொகை மட்டும் அவருக்கு ஞாபகம் இருந்தது.