மஞ்சள் தகடு சொல்லும் ஜாதகம்!

ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரல் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம்... ஓரமாக ஒதுங்கி நிற்பது! இல்லாவிட்டால் சைக்கிள்காரர்கள் மணியடித்தே உங்களைக் கால்வாயில் தள்ளிவிடுவார்கள். வருகிறவர்கள் எல்லோரும் கால்வாயையும் காற்றாலையையும் டூலிப் பூவையும்தான் போட்டோ எடுப்பார்கள். நாம் பார்க்கப் போவது வேற ஐட்டம். கால்வாய்க் கரையில் வரிசையாக நிற்கும் கார்களின் நம்பர் ப்ளேட்!

பளிச்சென்று மஞ்சள் தகடு. முன்னாலும் மஞ்சள், பின்னாலும் மஞ்சள். அதில் கறுப்பில் எழுத்தும் எண்ணுமாக மொத்தம் ஆறு. நடுவே இரண்டு சின்னக் கோடு. அவ்வளவுதான்.

"இதுல பார்க்க என்னய்யா இருக்கு?" என்கிறீர்களா? இருக்கு ஸார். ஒரு மனுஷனைப் பற்றி ஒரு தகடு எவ்வளவு சொல்லலாம், எவ்வளவு சொல்லக் கூடாது என்று நூறு வருஷத்துக்கும் மேலாக இந்த ஊர்க்காரர்கள் பட்ட பாடு முழுக்க அந்த மஞ்சள் தகட்டில் இருக்கிறது.

காருக்கு நம்பர் மாட்டும் யோசனை முதலில் பாரீஸ் போலீஸுக்குத்தான் வந்தது. 1893-ல். ஆனால், அது பாரீஸோடு சரி. ஒரு நாடு முழுவதற்கும் சேர்த்து வரிசையாக நம்பர் கொடுத்த முதல் நாடு ஹாலந்துதான். வருஷம் 1898. அரசாங்கத்து ரோட்டில் மோட்டார் வண்டி ஓட்ட அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதிக்கு ஒரு நம்பர். முதல் நம்பர் வடக்கே க்ரோனிங்கன் நகரத்து வான் டாம் என்பவருக்குப் போனது. என்ன நம்பர் தெரியுமா? வெறும் ஒன்று!

1899 ஆகஸ்ட்டில் கணக்கு 168-க்கு வந்திருந்தது. 1906 ஜனவரியில் இந்த முறையை நிறுத்தியபோது கடைசி நம்பர் 2001. எட்டு வருஷத்தில் மொத்த நாட்டுக்கும் இவ்வளவுதான். இன்றைக்கு ஒரு ஷாப்பிங் சென்டரின் கார் பார்க்கிங்கிலேயே அதை அடக்கிவிடலாம்!

1906-ல் புது ஏற்பாடு வந்தது. அப்போது இருந்த பதினோரு மாகாணங்களுக்கும் ஆளுக்கொரு எழுத்து. க்ரோனிங்கனுக்கு 'ஏ', ஃப்ரீஸ்லாந்துக்கு 'பி', ஸீலாந்துக்கு 'கே', யூட்ரெக்ட்டுக்கு 'எல்' என்று எழுத்தும், பின்னால் எண்ணும். நாம் மொத்த நாட்டையும் 'ஹாலந்து' என்று கூப்பிடுகிறோம், இல்லையா? அந்தக் காலத்துத் தகட்டைப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். 'ஜி' என்றால் வடக்கு ஹாலந்து, 'ஹெச்' என்றால் தெற்கு ஹாலந்து. மீதி ஒன்பது எழுத்துக்காரர்களும் ஹாலந்தே கிடையாது! நாட்டின் பெயர் நெதர்லாந்து. லிம்பர்க்காரரிடம் போய் "நீங்க ஹாலந்துதானே?" என்று கேட்டுப் பாருங்கள், அவர் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம்.

இதில் முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. அந்த நம்பர் காருக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம்! பழைய காரை விற்றால் தகட்டைக் கழற்றி அடுத்த காரில் மாட்டிக்கொள்ளலாம். அதாவது, தகடு என்பது மனுஷனின் விலாசம் மாதிரி. எந்த மாகாணம் என்பது பார்த்ததுமே தெரியும். யார் என்பது மாகாண ஆபீஸின் பெரிய நோட்டுப் புத்தகத்தில் இருக்கும்.

கார் வைத்திருந்தவர்களுக்கு அந்த நம்பர் ஒரு பெருமை. ஆனால், கார் இல்லாதவனையும் தகடு விடவில்லை!

1924-ல் சைக்கிளுக்கு வரி போட்டார்கள். வருஷத்துக்கு மூன்று கில்டர். கட்டியவருக்கு ஒரு குட்டி உலோகத் தகடு. அதைச் சைக்கிளில் எல்லோருக்கும் தெரியும்படி மாட்ட வேண்டும். வேலையில்லாத ஏழைகள் பாவம், மூன்று கில்டருக்கு எங்கே போவார்கள்? அவர்களுக்கு இலவசம் என்றார்கள். நல்ல மனசுதான். ஆனால், அந்த இலவசத் தகட்டின் நடுவில் ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள்!

யோசித்துப் பாருங்கள். காலையில் வேலை தேடிச் சைக்கிளில் கிளம்புகிறான் ஒருத்தன். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை... எல்லாம் சரி. ஆனால், தெருவில் எதிரே வருகிறவன் சைக்கிளை ஒரு பார்வை பார்த்தால் போதும், 'ஓ, தர்மத் தகடா' என்று தெரிந்துவிடும். இத்தனூண்டு ஓட்டை வழியாக அவன் வீட்டு அடுப்பங்கரை வரைக்கும் பார்த்துவிடலாம். இந்த வரி 1941 வரைக்கும் இருந்தது. எடுத்தது யார் தெரியுமா? ஊரைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன்காரர்கள்!

ஆனால், அதே ஜெர்மன்காரர்கள்தான் ஒரு பெயர்ப் பட்டியல் என்னவெல்லாம் செய்யும் என்பதையும் இந்த ஊருக்குக் காட்டினார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஆர்டிஸ் மிருகக்காட்சி சாலை இருக்கிறது. அதே தெருவில் அந்த நாளில் நகரத்து மக்கள்தொகைப் பதிவு ஆபீஸ். யார், எந்தத் தெரு, என்ன மதம்... எல்லாம் ஒழுங்காக அட்டையில் எழுதி அடுக்கி வைத்திருந்தார்கள். நிர்வாகத்துக்காகச் செய்த அந்த ஒழுங்குதான் யூதர்களைத் தேடிப் பிடிக்க வசதியாகப் போனது. 1943 மார்ச் 27 இரவு எதிர்ப்பு இயக்கத்தினர் உள்ளே புகுந்து குண்டு வைத்தார்கள். கொஞ்சம் அட்டைகள்தான் அழிந்தன. பிடிபட்டவர்களில் 12 பேரை ஜூலையில் சுட்டுக் கொன்றார்கள்.

நம்பர் ப்ளேட் கட்டுரையில் இது எதற்கு என்கிறீர்களா? இப்போது மறுபடியும் தெருவுக்கு வந்து மஞ்சள் தகடுகளைப் பாருங்கள். காலை முதல் ராத்திரி வரை நின்று பார்த்தாலும் 'எஸ்.எஸ்.' என்ற எழுத்து ஜோடி கண்ணில் படாது. 'எஸ்.டி.' படாது. முதலாவது ஹிட்லரின் படை, இரண்டாவது அதன் உளவுப் பிரிவு. மூன்று எழுத்து வரிசை வந்த பிறகு 'என்.எஸ்.பி.'யையும் ஒதுக்கிவிட்டார்கள். அது ஜெர்மன்காரர்களோடு கைகோத்த உள்ளூர்க் கட்சி. யுத்தம் முடிந்து எத்தனை வருஷம் ஆனால் என்ன... சில எழுத்துக்களைப் பக்கத்து வீட்டுக்காரர் காரில் தினமும் பார்க்க யாருக்கும் மனசு வராது.

சோகம் போதும், கொஞ்சம் சிரிக்கவும் சங்கதி இருக்கிறது. 'ஜி.வி.டி.' கிடையாது. ஏனென்றால், அது டச்சு பாஷையில் ஒரு கெட்ட வார்த்தையின் சுருக்கம். 'பி.எஸ்.வி.' கிடையாது. அது ஐந்தோவன் ஊர் கால்பந்து டீம். ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் ரசிகர் ஒருத்தருக்கு அந்த நம்பர் போய்ச் சேர்ந்தால்..? கார் ஷோரூமிலேயே நிற்கும்! அரசியல் கட்சிகளின் பெயர்ச் சுருக்கங்கள் சிலவற்றுக்கும் தடை. 1978-ல் வந்த வரிசையிலிருந்து சாதாரணக் கார்களுக்கு உயிரெழுத்துக்களும் இல்லை. உயிரெழுத்து இருந்தால்தானே வார்த்தை வரும், வார்த்தை வந்தால்தானே வம்பு வரும்?

1951-ல்தான் பெரிய மாற்றம். மாகாண எழுத்துக்கு டாட்டா! நாடு முழுவதற்கும் ஒரே வரிசை. அதைவிட முக்கியம், நம்பர் ஆளை விட்டுக் காருக்குப் போனது. கார் பிறக்கும்போது கொடுக்கிற நம்பர், அது காயலான் கடைக்குப் போகும்வரை அதோடுதான். பத்துப் பேர் கை மாறினாலும் நம்பர் மாறாது. க்ரோனிங்கனிலிருந்து மாஸ்ட்ரிக்ட்டுக்குக் குடி போனாலும் மாறாது.

அதனால் என்ன ஆச்சு? தகடு ஊரைச் சொல்லாது, ஆளைச் சொல்லாது. காரின் வயசை மட்டும் சொல்லும்! ஒரு வரிசை தீர்ந்ததும் எழுத்தையும் எண்ணையும் இடம் மாற்றிப் போட்டு அடுத்த வரிசையை ஆரம்பிப்பார்கள். இரண்டு எழுத்து, இரண்டு எண், மறுபடி இரண்டு எழுத்து என்றால் 1978-ல் தொடங்கிய வரிசை. முதல் நாலும் எழுத்து, கடைசியில் இரண்டு எண் என்றால் 1991. நடுவில் மூன்று எழுத்து வந்தது 2008-ல். உள்ளூர்க்காரர் பார்த்ததுமே "இது இந்த வருஷத்து வண்டி" என்று ஜாதகம் கணித்துவிடுவார். ஐந்து வருஷத்துப் பழைய காரை வாங்கி, பாலிஷ் போட்டு, மாமனார் வீட்டுக்குப் போய்ப் 'புத்தம் புதுசு' என்று அளக்க முடியாது ஸார்!

ஃபேன்ஸி நம்பருக்கும் வழியில்லை. எவ்வளவு பெரிய முதலாளியானாலும் க்யூவில் அடுத்து வருகிற நம்பர்தான். விதிவிலக்கு உண்டு... 'ஏ.ஏ.' என்று தொடங்கினால் அரச குடும்பத்து வண்டி. ஹேக் நகரில் 'சி.டி.ஜே.' பார்த்தால் சர்வதேச நீதிமன்றம். இளம் நீலத் தகடு என்றால் டாக்ஸி, 2000-லிருந்து. கருநீலத்தில் வெள்ளை எழுத்து என்றால் 1978-க்கு முந்தைய கிழட்டுக் கார். அதற்கு மட்டும் பழைய வேஷ்டியைக் கட்டிக்கொள்ள அனுமதி! சரக்கு வேன்களுக்கு வரிச் சலுகை உண்டு. அதற்குப் பெயர் 'சாம்பல் நம்பர்'. தகடு என்னவோ மஞ்சள்தான். முன்பு அந்த வண்டிகளின் பதிவுக் காகிதம் சாம்பல் நிறத்தில் இருந்ததால் வந்த பெயர்.

தகடு திருடு போனால்? கடையில் போய் இஷ்டத்துக்கு எழுதி வாங்க முடியாது. 2000-லிருந்து, அங்கீகாரம் பெற்ற இடத்தில் ஆதாரம் காட்டினால்தான் புதுசு. அதிலும் முதல் கோட்டுக்கு மேலே '1' என்று ஒரு குட்டி எண் இருக்கும். 'இது இரண்டாவது தகடு, முதல் தகடு செல்லாது' என்று அர்த்தம். திருடியவன் பழசை மாட்டிக்கொண்டு திரிந்தால் மாட்டிக்கொள்வான்.

இன்றைக்கு அங்கே யார் வேண்டுமானாலும் ஒரு காரின் நம்பரைக் கொடுத்து, அரசு வாகனப் பதிவகமான ஆர்.டி.டபிள்யூ.-வில் விவரம் பார்க்கலாம். என்ன கம்பெனி, என்ன கலர், எத்தனை கிலோ, பரிசோதனைச் சான்று எதுவரைக்கும், இன்ஷூரன்ஸ் இருக்கிறதா... எல்லாம் வரும். ஓனர் பெயர்? ம்ஹூம். மூச்! போலீஸுக்குத் தெரியும். கேமராவில் சிக்கினால் லேவார்டன் நகரத்து அபராத ஆபீஸிலிருந்து வீட்டுக்கே கடிதம் வரும். மச்சானுக்குக் காரை இரவல் கொடுத்தாலும் கடிதம் என்னவோ உங்களுக்குத்தான்! ஆனால், எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியாது.

இதற்கு நேர் எதிரான ஒரு இடம் தெற்கே ஸீலாந்து மாகாணத்தில், மிடில்பர்க் நகரத்தில் இருக்கிறது. அங்குள்ள ஆவணக் காப்பகத்தில் பழைய 'கே' நம்பர் பதிவுகள் பத்திரமாக இருக்கின்றன. வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய போட்டோ கிடைக்கிறது என்று வையுங்கள். கார், பக்கத்தில் மீசை முறுக்கிய ஒருவர். யாரென்று சொல்ல வீட்டில் ஒருத்தரும் உயிரோடு இல்லை. ஆனால், கார் தகட்டில் 'கே' என்ற எழுத்தும் எண்ணும் தெரிகிறது. அதைக் கொண்டுபோய்த் தேடினால் அந்த நம்பர் வாங்கியவரின் பெயரும் ஊரும் கிடைத்துவிடும். 'அட, நம்ம தாத்தா!'

இன்றைய மஞ்சள் தகட்டை நூறு வருஷம் கழித்து ஒரு பேரன் போட்டோவில் பார்த்தால், தாத்தாவின் கார் என்ன கலர், எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவான். தாத்தா யார் என்பதைத் தகடு அவனிடம் சொல்லாது. ஓட்டை போட்ட சைக்கிள் தகட்டையும் குண்டு வைத்த பதிவு ஆபீஸையும் பார்த்த ஒரு ஊருக்கு அது பெரிய நஷ்டமாகத் தோன்றாது. போட்டோவின் பின்பக்கத்தில் பேனாவால் பெயரை எழுதி வைத்தால் போச்சு!