புதிய கீறல்

கல்முனைக் கரையிலே பிறந்தவர்களுக்கு விடியல் என்பது பள்ளிவாசலின் பாங்கொலியும், அதனைத் தொடர்ந்தெழும் படகு எஞ்சின்களின் ஒலியும் சேர்ந்ததொன்றாகும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதிக்குப் பின்னர் பல நாட்கள் அந்த இரண்டாவது ஒலி எங்கள் கரையிற் கேட்கவில்லை. இலங்கையிலே ஆழிப்பேரலைக்கு மிகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. எங்கள் வீட்டார் உயிர் தப்பினோம். வீடும் படகும் போயின. எட்டாம் நாள், மணலுக்குள் பாதி புதைந்து கிடந்த எங்கள் எஞ்சினை வாப்பா கண்டெடுத்து, நாங்கள் ஒதுங்கியிருந்த உறவினர் வீட்டு முற்றத்திற் கொண்டுவந்து வைத்தார். பழைய இரும்பு வாங்குவோர் நிறைக்கு விலை பேசினர். வாப்பா மறுத்துவிட்டார்.

எனக்கு அப்போது பதினேழு வயது. உயர்தரத்திற் பௌதிகவியல் படிக்கும் கர்வம் வேறு. அன்றிரவு எல்லோரும் உறங்கியபின் எஞ்சினின் கயிற்றைப் பற்றி, காலை ஊன்றி, வலுவெல்லாம் கூட்டி இழுத்தேன். விரலளவு அசைந்தது, பின் ‘கறக்’ என்ற ஒலியுடன் கல்லாய் நின்றுவிட்டது.

மறுநாள் வாப்பாவின் பழைய தோழரான திருத்துநர் வந்தார். கடற்கரையில் அவருக்குப் ‘பாஸ்’ என்றே பெயர். நான் எஞ்சினை நெருங்கியதும், “கயித்துல கை வைக்கப்படா மகன். ஏன் நிண்டதெண்டு முதல்ல பாக்கணும்” என்றார்.

எஞ்சின் இறுகுவதற்குக் காரணங்கள் பல. குளிர்விக்கும் நீரை ஏற்றும் பம்பின் இறப்பர்ச் சக்கரம் பழுதானால் சூடேறும். வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும் அலுமினியப் பிஸ்டன் சிலிண்டர்ச் சுவரைக் கவ்விக்கொள்ளும். எரிபொருளிற் கலக்கும் எண்ணெய் குறைந்தாலும் அதே கதிதான். சிலிண்டரில் நீர் நிறைந்திருப்பின், நீர் அமுங்காதாகையால், வலிந்து சுற்றுபவன் பிஸ்டனைத் தாங்கும் தண்டையே வளைத்துவிடுவான். உப்புநீர் வடிந்து காற்றுப் பட்டாலோ, துரு பிடித்து வளையங்கள் சுவரோடு ஒட்டிவிடும். “கடலை விடக் காத்துத்தான் மோசம். எடுத்த உடனே நல்ல தண்ணிப் பீப்பாய்க்குள்ள போட்டிருக்கணும்” என்றார் பாஸ்.

முதலிற் கீழே உள்ள கியர்ப் பகுதியைக் கழற்றினார். அப்போதும் பிளைவீல் சுழலாமையால் நோய் மேலேதான் என்பது உறுதியாயிற்று. பிளக்குகளைக் கழற்றி, நீரையும் மணலையும் வடியவிட்டு, நன்னீரால் அலசி, டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றினார். அதன்பின் மூன்று நாட்கள் வருவார், எண்ணெய் விடுவார், போய்விடுவார். நான்காம் நாள் தலைப்பகுதியைத் திறந்து, பிஸ்டன்மேல் மரக்கட்டையொன்றை வைத்து மெல்லத் தட்டினார். மயிரிழை மயிரிழையாக அது இறங்கிற்று.

சிலிண்டர்ச் சுவர் செந்நிறத் துருவாய் இருந்தது. அதன் நடுவே, விரலளவு நீளத்தில், வெள்ளிபோல் மின்னும் ஆழமான கீறல்கள். மணலோடு சேர்த்து இழுத்த கீறல்கள். “இது கடல் கீறினதில்ல” என்று முணுமுணுத்த பாஸ் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். வேறெதுவும் சொல்லவில்லை. துருவென்றால் தேய்த்தெடுத்திருக்கலாம். அக்கீறல்களுக்காகச் சிலிண்டரைக் கடைந்து, அரை மில்லிமீற்றர் பெரிய பிஸ்டன் இட வேண்டியதாயிற்று. உம்மாவின் காப்புகளில் ஒன்று அதற்குப் போயிற்று.

வலுக் குறைந்து நின்றதன்று அந்த எஞ்சின். ஆகவே வலுவைக் கூட்டி அதனை ஓட்டவும் இயலாது. இவ்வளவு எளிய உண்மை, படித்த பௌதிகவியல் கையிலிருந்தும் எனக்கு அன்றிரவு தோன்றவில்லை.

பெப்ரவரியில், இரவற் படகொன்றிற் பூட்டியபோது, பாஸ் கயிற்றை என்னிடமே தந்தார். மூன்றாம் இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அன்று மாலை வாப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் சொன்னார்:

“அண்டைக்கு ராவே சத்தம் கேட்டது மகன்.”