முர்ராவின் ஊரில் மதிய வெயில்

முர்ரா எருமையை நம் விவசாயிகள் பலரும் வாங்கி வளர்க்கிறார்கள். அதன் பூர்வீகம் ஹரியானாவின் ரோத்தக், ஜீந்த், ஹிசார் வட்டாரம். மத்திய எருமை ஆராய்ச்சி நிலையமும் 1985-ல் ஹிசாரில்தான் தொடங்கப்பட்டது. அந்த ஊர்க்காரர்கள் எருமையைக் கோடையில் எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள, மே, ஜூன் மாதங்களில் அங்கே போக வேண்டும்.

வெயில் 45 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டும். 'லூ' என்கிற அனல்காற்று முகத்தைச் சுடும். ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் முடங்கும் அந்த மதிய நேரத்தில், ஊர்க் குளத்தில் கறுப்புத் தலைகள் மட்டும் மிதக்கும். அந்தக் குளத்தை 'ஜோஹட்' என்கிறார்கள். வெயில் சாய்ந்ததும் எருமைகளைக் கரையேற்றி வீட்டுக்கு ஓட்டிப் போவார்கள். மாலைக் கறவை அதற்குப் பிறகுதான்.

இதற்குக் காரணம் இருக்கிறது. எருமையின் கறுப்புத் தோல் வெயிலை இழுத்துக்கொள்ளும். முடி குறைவு. வியர்வைச் சுரப்பிகளும் பசுவைவிடக் குறைவு. உடம்புச் சூட்டைத் தணிக்க வழியில்லாவிட்டால் மூச்சு இரைக்கும், தீவனம் எடுப்பது குறையும், பாலும் குறையும். தவிப்போடு நிற்கும் எருமை கறவையின்போது எளிதில் பால் சுரப்பு விடாது. அதைவிடப் பெரிய நஷ்டம், பருவ அறிகுறி வெளியே தெரியாமல் போவது. சினை பிடிப்பது தள்ளிப்போனால், பால் இல்லாத மாதங்களுக்கும் தீவனம் போட்டாக வேண்டும்.

ஆனால், ஜோஹட்கள் இன்று முன்போல இல்லை. பல குளங்களில் வீட்டுக் கழிவுநீர் கலக்கிறது. அந்தச் சேற்றில் மடி ஊறினால் மடிநோய் வரும். அதனால் கொட்டகையிலேயே குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் குளிப்பாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எருமை பராமரிப்பில் பெரும்பகுதியைச் செய்பவர்கள் பெண்கள் என்பதால், குளம் செய்த வேலையும் அவர்கள் கைக்கே வந்து சேர்கிறது.

குளம் இல்லாத நம் கொட்டகைகளிலும் இதைச் செய்யலாம். கறவைக்கு அரை மணி நேரம் முன்பாக, எருமையை நிழலில் கட்டி, முதுகிலும் விலாவிலும் தோல் நன்றாக நனையும்படி தண்ணீர் விடுங்கள். ஹரியானாவின் வறண்ட காற்றில் ஈரம் சீக்கிரம் காய்ந்து, சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். நாகப்பட்டினம், கடலூர் போன்ற கடலோரப் புழுக்கத்தில் வெறும் தண்ணீர் போதாது. காற்றோட்டம் வேண்டும், முடிந்தால் மின்விசிறி வையுங்கள். குடிக்கவும் குளிர்ந்த தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

கறக்க உட்காரும் முன் மடியையும் காம்புகளையும் சுத்தமான துணியால் ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள். உடம்பிலிருந்து வடியும் நீர் பால் வாளியில் சொட்டக் கூடாது. கறந்து முடித்ததும் தீவனம் வைத்து, அரை மணி நேரமாவது படுக்கவிடாமல் நிற்க வையுங்கள். காம்புத் துளை உடனே மூடாது. அந்த நேரத்தில் சேற்றிலோ குளத்திலோ இறங்கினால் நோய்க்கிருமி உள்ளே போய்விடும். குளிப்பாட்டுவது கறவைக்கு முன்புதான், கறந்த கையோடு அல்ல.

உங்கள் ஊரில் நல்ல குளம் இருந்தால், அதில் சாக்கடை கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய செலவு என்றோ முடிந்துவிட்ட குளம், இன்றும் உங்கள் கறவைக்கு உழைக்கும்.