கருப்பு பீரில் இனிப்பு எங்கிருந்து வருகிறது?

டிசர்ட் ஸ்டவுட் என்று இப்போது ஒரு வகை பரவியிருக்கிறது. அமெரிக்காவில் அதைப் பேஸ்ட்ரி ஸ்டவுட் என்பார்கள். கருக வறுத்த மால்ட்டில், அதாவது முளைகட்டிய பார்லியில், காய்ச்சிய வலுவான பீரில் வெனிலா, கோகோ, தேங்காய், காபி, லாக்டோஸ் என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். கிளாஸில் ஊற்றினால் பேக்கரி வாசலில் நிற்பது போலிருக்கும். மும்பை மைக்ரோபுரூவரி ஒன்றில் பீர்களை ருசி பார்த்துத் தரம் சொல்வது என் வேலை. வீடு மாட்டுங்கா கிழக்கில். இந்த வகையைக் குழந்தைகளின் பானம் என்று தள்ளிவிடும் பீர்க்காரர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நன்றாக அமைந்த டிசர்ட் ஸ்டவுட்டைச் செய்வதும் கடினம், ருசி பார்ப்பது அதைவிடக் கடினம். ஒவ்வொரு ருசிக்கும் ஊர் எது என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது. மால்ட்டா, ஈஸ்ட்டா, பீப்பாயா, பிறகு போட்ட சரக்கா, இல்லை பழுதா?

பழுதைக் கடைசியில் சொன்னாலும் அதைத்தான் முதலில் தேடுவேன். சாதா லேகரில் ஒரு கோளாறு இருந்தால் உடனே மூக்கில் ஏறும். டிசர்ட் ஸ்டவுட்டில் அதே கோளாறு இனிப்புப் பண்டமாக வேஷம் போட்டுக்கொள்ளும். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் ஒரு சாம்பிளை முகர்ந்துவிட்டு, “அக்கா, பட்டர்ஸ்காட்ச் அருமையா வந்திருக்கு” என்றான். “ரெசிப்பியில பட்டர்ஸ்காட்ச் போட்டிருக்கா, பாரு” என்றேன். போடவில்லை. அது டயசிட்டில். நொதிக்கும்போது ஈஸ்ட் வெளிவிடும் ஒரு பொருளிலிருந்து இது உருவாகிறது. கடைசி நாட்களில் போதிய வெதுவெதுப்பும் நேரமும் கொடுத்தால் அதே ஈஸ்ட் அதைத் திரும்ப உள்வாங்கிக்கொள்ளும். அவசரப்பட்டுக் குளிரவைத்தால் வெண்ணெய் வாசனையாக அப்படியே தங்கிவிடும். உலர்ந்த திராட்சை, ஷெர்ரி ஒயின் வாசனையும் இப்படித்தான். வலுவான ஸ்டவுட் பக்குவமாக முதிர்ந்தால் அது அழகு. புதுச் சரக்கில் அடித்தால் எங்கோ காற்று புகுந்திருக்கிறது என்று பொருள். சோயா சாஸ் வாடை வந்தால், செத்த ஈஸ்ட்டின் மேலேயே பீர் நெடுநாள் கிடந்திருக்கிறது.

இந்த வித்தியாசங்களை மூக்குக்குப் பழக்க வெளிநாட்டு நிறுவனங்கள் சின்னக் குப்பிகளில் வாசனைப் பொருள்கள் விற்கின்றன. நாங்களும் வாங்குகிறோம். ஆனால் என் மூக்கு படித்த இடம் மாட்டுங்கா மார்க்கெட். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து பண்டார்கர் ரோடு பக்கம் நடந்தால் பூக்கடை, வாழையிலை, கொப்பரை, வெல்லம், அப்பளம், காபிப்பொடி என்று அடுத்தடுத்து வரும். மேஜைக்கு வேண்டிய மாதிரிகளை இங்கேதான் வாங்குகிறேன். வெந்தயம் ஒரு பிடி கட்டாயம் வேண்டும். சோட்டலான் என்ற பொருள்தான் வெந்தயத்துக்கு அந்த வாசனையைத் தருகிறது. முதிர்ந்த ஷெர்ரியிலும் பழைய வலுவான பீரிலும் வருவது அதே பொருள். வெந்தயத்தை வெறும் வாணலியில் வறுத்து முகர்ந்து பழகியவருக்கு மூன்று வருஷப் பழைய ஸ்டவுட்டைப் பற்றிப் பாதி தெரிந்த மாதிரி. கொப்பரையிலும் புதிது ஒன்று, நாள்பட்டுச் சிக்கு வாடை ஏறியது ஒன்று என இரண்டு வாங்குவேன். தேங்காய் ஸ்டவுட்டில் தேங்காயின் எண்ணெய் முதலில் நுரையைக் கொல்லும். வைத்திருக்க வைத்திருக்க அந்தச் சிக்கு வாடையும் தலைகாட்டும்.

தேங்காயே போடாமலும் தேங்காய் மணக்கும். ஓக் மரத்தில் இருக்கும் லாக்டோன் என்ற பொருளுக்குத் தேங்காய் வாசனை. அதே மரத்தின் லிக்னினைத் தீயில் வாட்டினால் வெனிலின் பிறக்கிறது. ஆகவே போர்பன் விஸ்கி ஊறிய பீப்பாயில் சில மாதம் கிடந்த ஸ்டவுட்டுக்கு வெனிலாவும் தேங்காயும் மரம் கொடுத்த சீதனம். மேலே வெனிலா எசென்ஸ் ஊற்றியிருந்தால் எனக்குத் தெரிந்துவிடும்: மூக்கில் உரக்கக் கூவிவிட்டு, விழுங்கிய பிறகு இருந்த இடம் தெரியாமல் போய்விடும். மரத்தின் வெனிலா விழுங்கிய பிறகுதான் தொண்டையிலிருந்து மூக்குக்கு ஏறிவரும்.

ருசி பார்க்கும் நாளில் சில கட்டுப்பாடுகள் உண்டு. காலையில் காபி குடிக்கக்கூடாது. மாட்டுங்காவாசியிடம் இதைச் சொல்வது பெரிய கொடுமை, ஆனாலும் வேறு வழியில்லை. தலையில் மல்லிகை கூடாது; அந்த மணம் மேஜை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். ஒரு கிளாஸுக்கும் அடுத்ததற்கும் நடுவே தண்ணீர், உப்பில்லாத பொரி. வாய் குறுகிய, வயிறு பருத்த கிளாஸில் 60 மில்லி போதும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் முதல் மடக்கு. அந்தக் குளிரில் எல்லா ஸ்டவுட்டும் நல்ல ஸ்டவுட்டாகத்தான் தெரியும். இனிப்பு அடங்கி, வறுத்த கசப்பும் குமிழும் முன்னால் நிற்கும். பிறகு கிளாஸை உள்ளங்கையில் ஏந்தியபடி காத்திருப்பேன். 12, 13 டிகிரி வரும்போது வாசனை விரியும். அப்போது கோகோவுக்குள் ஒளிந்திருந்த சாராய நெடி வெளியே வருகிறதா, காபியில் குடைமிளகாய் வாசனை தட்டுகிறதா என்று பார்ப்பேன். காபிக் கொட்டையில் இயல்பாகவே உள்ள பைரசின்களில் ஒன்றுதான் குடைமிளகாயின் வாசனைக்கும் காரணம். காபி சேர்த்த ஸ்டவுட் நாள்பட்டால் சில நேரம் அது மேலே வந்துவிடும். அறை வெப்பத்துக்கு வந்த கடைசி மடக்கில்தான் மதிப்பெண் போடுவேன். அந்த மடக்கு திகட்டினால், முன்னால் வந்த மணமெல்லாம் இருந்தும் பயனில்லை.

திகட்டலுக்குக் காரணம் சொல்லும்போது பலரும் வெல்லத்தைக் குற்றம் சாட்டுவார்கள். வெல்லம் நிரபராதி. கொதிக்கும்போது எவ்வளவு வெல்லம் போட்டாலும் அதிலுள்ள சர்க்கரை ஏறக்குறைய முழுவதையும் ஈஸ்ட் தின்று சாராயமாக்கிவிடும். கடைசியில் லேசான கரும்புப்பாகு மணம் மிஞ்சும். பீர் முன்னைவிட ஒல்லியாகவும் வறட்சியாகவும் ஆகும். வெல்லப் பாயச ஸ்டவுட் காய்ச்சுகிறேன் என்று கிளம்புபவர்கள் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். இனிப்பு தங்க வேண்டுமானால் ஈஸ்ட்டால் தின்ன முடியாத பொருள் வேண்டும். அதற்குத்தான் லாக்டோஸ். பால் சர்க்கரையைப் பீர் ஈஸ்ட் தொடாது. சாதா சர்க்கரையின் இனிப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் அதற்கு உண்டு. ஆனால் வாயில் கொழகொழவென்று ஒரு கனம் சேர்க்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதைச் சொல்லாமல் பரிமாறக்கூடாது.

இனிப்பை நிறுத்திப் பிடிப்பது கசப்பு. பீர் நீதிபதிகளைத் தேர்வு வைத்துச் சான்றளிக்கும் அமெரிக்க அமைப்பான பிஜேசிபி, வலுவான ஸ்டவுட் வகையான இம்பீரியல் ஸ்டவுட்டுக்கு 8 முதல் 12 விழுக்காடு ஆல்கஹாலும், 50 முதல் 90 வரை கசப்பு அலகும் குறித்திருக்கிறது. லேசான லேகரில் அந்த அலகு 20-ஐ எட்டுவதே அரிது. ஹாப்ஸ் பூ தரும் கசப்போடு கருப்பு மால்ட்டின் கசப்பும் சேர வேண்டும். 1817-இல் டேனியல் வீலர் என்ற ஆங்கிலேயர், சுழலும் இரும்பு உருளையில் மால்ட்டை வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். காபிக் கொட்டை வறுக்கும் உருளையின் உறவுதான் அது. 200 டிகிரிக்கு மேல் சூடு. அடியில் பிடிக்காமல், தீப்பற்றாமல், உள்வரை கருப்பு. இன்றைய ஸ்டவுட்டின் நிறமும் கசப்பும் அந்த உருளையிலிருந்து வந்தவை.

அதனால்தான் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை முதலில் காபிக்கடைக்கு அழைத்துப் போகிறேன். ஒருமுறை வறுபடும் கொட்டையைக் காட்டிக் கடைக்காரரிடம், “மாமா, இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டா என்ன ஆகும்?” என்று கேட்டேன். “எண்ணெய் மேலே வந்துடும்மா. அப்புறம் கசப்புதான் இருக்கும், காபி இருக்காது” என்றார். கருப்பு மால்ட்டுக்கும் அந்தப் பதில் அப்படியே பொருந்தும். சுட்ட ரொட்டி, கோகோ, காபி என்று போய், ஒரு எல்லையைத் தாண்டினால் சாம்பல். நாக்கின் பின்பக்கம் சாம்பல் தட்டினால், அதை மறைக்கத்தான் இனிப்பை அள்ளிக் கொட்டினார்களோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க மேஜையில் எப்போதும் ஒரு லயன் ஸ்டவுட் இருக்கும். கொழும்பு போய்வருபவர்கள் யாராவது வாங்கி வருவார்கள். நுவரெலியா மலையில் 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய சிலோன் புரூவரியின் வழிவந்தது. தேயிலைத் தோட்டத் தமிழர்களுக்குப் பழகிய பெயர். 8.8 விழுக்காடு. பீர் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஆங்கிலேயர் மைக்கேல் ஜாக்சன் இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். கோகோ போடாமல், வெனிலா போடாமல், மால்ட்டும் ஈஸ்ட்டும் மட்டுமே சாக்லேட்டையும் உலர்ந்த பழத்தையும் தரும் என்பதற்கு என்னிடம் உள்ள நல்ல சாட்சி இது. இதைக் குடித்துப் பழகிய பிறகு எசென்ஸ் ஊற்றிய ஸ்டவுட்டுக்கு அதிக மதிப்பெண் போட யாருக்கும் கை வராது.

இந்திய உணவுத் தர விதி பீரின் வலிமைக்கு 8 விழுக்காட்டை உச்சமாக வைத்திருக்கிறது. அமெரிக்க டிசர்ட் ஸ்டவுட்டுகள் 12, 13 என்று போகின்றன. ஆல்கஹாலின் சூடு இனிப்பில் பாதியைத் தாங்கிக்கொள்ளும். நமக்கு அந்தத் தூண் இல்லை. அவர்களுடைய ரெசிப்பியை எடுத்து வலிமையை மட்டும் குறைத்தால் கிடைப்பது கருப்புச் சர்பத். இங்கே காய்ச்சுபவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: 7.5 விழுக்காட்டில் நில்லுங்கள், லாக்டோஸைப் பாதியாக்குங்கள், வறுத்த பார்லியைக் கூட்டுங்கள். காபி வேண்டுமானால் நம் தெருவில் வறுத்த பீபெரியைக் கொட்டையாகவே ஒரு நாள் ஊறவைத்து எடுத்துவிடுங்கள், சிக்கரி வேண்டாம். பிறகு நான்கு மாதம் தொடாமல் விடுங்கள்.