பெரிதாகும் கவுன்சில்களும் புலம்பெயர்ந்தோர் குரலும்

இங்கிலாந்தில் குடியேறிய தமிழர்கள் அந்நாட்டு அரசை அன்றாடம் சந்திப்பது நாடாளுமன்றத்தில் அல்ல, குப்பை அகற்றுவது முதல் முதியோர் பராமரிப்பு வரை கவனிக்கும் உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலில்தான். 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் 1974இல் நடைமுறைக்கு வந்தபோது உருவான இரண்டடுக்கு முறையில், மேலடுக்கான கவுண்டி கவுன்சில் சாலை, கல்வி, சமூகப் பராமரிப்பு ஆகியவற்றையும், கீழடுக்கான மாவட்ட அல்லது பரோ கவுன்சில் வீட்டுவசதி, குப்பை, கட்டட அனுமதி ஆகியவற்றையும் பார்த்துக்கொள்கின்றன.

இந்தப் பங்கீடு புதிதாக வந்தவர்களைத் திணறடிக்கிறது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் வயதான தாய்க்குப் பராமரிப்பாளரை ஏற்பாடு செய்வது கவுண்டியின் பொறுப்பு என்றால், அவர் வழுக்கி விழாதபடி குளியலறையை மாற்றியமைக்க உதவித்தொகை வழங்குவது மாவட்டக் கவுன்சிலின் பொறுப்பு. ஆங்கிலத்தில் தடுமாறும் குடும்பம் ஒரே துயரை இரண்டு அலுவலகங்களில் விளக்க வேண்டியிருக்கிறது.

இவ்விரு அடுக்குகளின் பணிகளையும் ஒரே அமைப்பிடம் ஒப்படைப்பதே ஒற்றையடுக்கு முறை. 2023 ஏப்ரலில் வட யார்க்‌ஷயரின் கவுண்டி கவுன்சிலும் ஏழு மாவட்டக் கவுன்சில்களும் ஒன்றாயின. 2024 டிசம்பரில் வெளியான அரசின் வெள்ளை அறிக்கை, எஞ்சிய இரண்டடுக்குப் பகுதிகளுக்கும் இம்மாற்றத்தை விரிவுபடுத்தி, புதிய கவுன்சிலுக்கு 5 லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட மக்கள்தொகையைப் பொதுவான அளவாகக் காட்டியது. லண்டனை ஒட்டிய சர்ரேயில் 12 கவுன்சில்களுக்குப் பதிலாக 2027 ஏப்ரலில் இரண்டு மட்டுமே பொறுப்பேற்கும் என 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது.

நிர்வாகச் செலவு குறைவதும் பொறுப்பு தெளிவாவதும் வரவேற்கத்தக்கவை. எனினும், காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் இந்திய, இலங்கைத் தமிழர்கள் சட்டப்படி வசிக்கும் நிலையிலேயே, பிரித்தானியக் குடியுரிமை பெறுமுன்பே, வாக்களிக்க முடிகிற நாட்டில், சிறிய வார்டுகளே அவர்களின் எண்ணிக்கைக்கு எடை தந்தன. வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு மண்டபம் கேட்பவர் நேரில் அணுகக்கூடியவராகவும் வார்டு உறுப்பினரே இருந்தார். கவுன்சில்கள் ஒன்றாகி ஓர் உறுப்பினருக்குரிய வாக்காளர் தொகை பெருகும்போது, சிறுபான்மையினரின் குரல் அந்தத் திரளில் கரைந்துவிடக்கூடும்.

ஆகவே ஒரே அலுவலகம் என்ற வசதி மட்டும் போதாது. உண்மையான அதிகாரமும் நிதியும் கொண்ட பகுதிக் குழுக்களையும், தாய்மொழியில் உதவிபெறும் வழியையும் சீரமைப்பின் தொடக்கத்திலேயே உறுதிசெய்யும்படி கோருவதும், வாக்காளர் பட்டியலில் தவறாமல் பெயர் பதிவதும் புலம்பெயர்ந்த சமூகத்தின் உடனடிக் கடமையாகும்.